களிமண்ணில் ஒரு ஷட்டில் கோர்ட்: அடியில் போகும் பணத்தின் கணக்கு

ஷட்டில் கோர்ட்டில் கோட்டுக்குள் அடங்கும் இடம் 44 அடிக்கு 20 அடி, அதாவது 880 சதுர அடி. ஓடி எடுக்க நாலு பக்கமும் 4 அடி விட்டால் 52-க்கு 28 ஆகி 1,456 சதுர அடி வரும். சென்ட் கணக்கில் மூன்றேகாலுக்குச் சற்று மேல். முக்கூடலில் வீட்டுப் பின்புறத்தில் இவ்வளவு இடம் கிடப்பது அதிசயமில்லை. ஆனால் அது வயலை மனையாக்கிய இடமா என்று முதலில் பார்க்க வேண்டும். செலவை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான அரியநாயகிபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களிலும் பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும். சித்திரை, வைகாசியில் அதே களி காய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதன்மேல் கான்கிரீட் போட்டால் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் மாறாமல் இருக்கும். ஓரம் மட்டும் ஐப்பசியில் உப்பும், கோடையில் சுருங்கும். இரண்டு வருஷத்தில் கோர்ட் விரிந்தால் கொத்தனாரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி மண்தான்.

மண்ணைச் சோதிக்கப் பெரிய செலவில்லை. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது. ஒரு நாள் கழித்து மண்ணெண்ணெயில் 10 மில்லியும் தண்ணீரில் 16 மில்லியும் நின்றால் வீக்கம் 60 விழுக்காடு. 50-ஐத் தாண்டிய களியைச் சாலைக்கு நிரப்புமண்ணாகவே போடக் கூடாது என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. கோர்ட்டுக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்.

தேறவில்லை என்றால் தோண்ட வேண்டியதுதான். சுற்றிலும் ஒரு அடி கூட்டி 54-க்கு 30, ஆழம் 2 அடி: 3,240 கன அடி. வெட்டிய மண் பொலபொலத்து மூன்றில் ஒரு பங்கு கூடுவதால் டிப்பரில் ஏறும்போது 43 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) ஆகிவிடும். நாலு யூனிட் வண்டியில் 11 நடை. அந்தக் குழியில் ஒன்றரை அடிக்குச் சரள், அரை அடிக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்த கலவை. அமுங்கிப் போவதைச் சேர்த்தால் சரள் 30 யூனிட், கலவை 10 யூனிட். சரளை ஒரேயடியாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் அடி அமுங்காது. ஆறு அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருட்டி, பிறகுதான் அடுத்தது.

மேலே 4 அங்குலக் கான்கிரீட். 485 கன அடிக்கு ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் சிமெண்ட் 111 மூட்டை, எம்-சாண்ட் 2 யூனிட், ஜல்லி 4 யூனிட், அடிக்கு ஒன்றாக எட்டு எம்எம் கம்பி 380 கிலோ. மறுநாளே ஒரு அங்குல ஆழம் அறுத்து 15 கட்டங்களாகப் பிரித்துவிட வேண்டும். எப்படியும் விரியப் போகிற கான்கிரீட் நாம் சொன்ன இடத்தில் விரியட்டும்.

கணக்குக்கு நான் வைத்த விலைகள்: சரள் யூனிட் 2,000, கலவை 4,000, சிமெண்ட் மூட்டை 400, கம்பி கிலோ 65, எம்-சாண்ட் 6,000, ஜல்லி 5,000. விலை மாறினால் ரூபாய் மாறும், அளவு மாறாது.

ஜேசிபி, மண் அள்ளல், சரள், கலவை, ரோலர்: ரூ. 1,32,600
கான்கிரீட், கம்பி, கூலி: ரூ. 1,37,500
அக்ரிலிக் பூச்சு, சதுர அடி 45 வீதம்: ரூ. 65,520
கம்பம், வலை: ரூ. 12,000
மொத்தம்: ரூ. 3,47,620

செம்மண் தரையாக இருந்தால் முதல் வரி 54,400-இல் முடிந்திருக்கும். மிச்சம் 78,200 ரூபாய், களிக்குக் கட்டும் வரி. கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் இதில்தான் முதலில் கை வைப்பார்கள். பூச்சில் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது.

தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு இந்தத் தளத்தில் விழுவது 1,350 லிட்டர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதற்கு எந்தத் தளமும் தாங்காது என்றாலும், 10 சென்டிமீட்டருக்காவது வழி வேண்டும். 28 அடி அகலத்துக்கு ஒரே பக்கமாக மூன்றேகால் அங்குலம் வாட்டம் வைத்து, வழியும் நீரைக் கால்வாய் கட்டித் தள்ளி விட வேண்டும். ஓரத்திலேயே தேங்கினால் போட்ட சரள் வீண். பக்கத்தில் வேப்பமரம் நின்றால் அதன் உயரத்தளவு தூரம் தள்ளிப் போடுவது நல்லது. வேர் ஈரத்தை உறிஞ்சும் பக்கம் தளம் இறங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே இடத்தில் அரை அடி செம்மண் போட்டு உருட்டினால் 9 யூனிட். யூனிட் 1,500 என்றால் 13,500. ஜேசிபி, ரோலர், கம்பம், வலை எல்லாம் சேர்த்து 30,900. வருஷா வருஷம் மழை ஓய்ந்த பின் ஒரு அங்குலம் மண் போட்டுச் சரிபார்க்க 3,850. பத்து வருஷத்துக்குச் சேர்த்தால் 69,400. களிக்குக் கட்டும் வரியைவிடக் குறைவு! மண் தரை வெடித்தால் மண்வெட்டி போதும். கான்கிரீட் வெடித்தால் அப்படிச் சரிசெய்ய முடியாது.

என் ஓட்டு மண் தரைக்கே. ஆனி, ஆடிக் காற்றில் ஐந்து கிராம் ஷட்டில் திறந்தவெளியில் நிற்கவும் நிற்காது. பூப்பந்தாட்டத்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம், காற்றை மதிக்காது. அதற்குரிய முழுக் களம் 24-க்கு 12 மீட்டர், ஏழு சென்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். கான்கிரீட்தான் வேண்டும் என்பவர்கள் பிசான அறுவடை முடிந்த மாசியில் ஜேசிபிக்குச் சொல்லலாம். சித்திரையில் முற்றக் காய்ந்து வெடித்த களிமேல் போட்டால், அது முதல் மழையில் குடிக்கும் தண்ணீர் அத்தனையும் தளத்தைத் தூக்கும்.