வெளிப்புறக் கம்பியில்லா இணைய அலைவாங்கி

வெளிப்புறக் கம்பியில்லா இணைய அலைவாங்கி என்பது, வீட்டின் மொட்டைமாடியிலோ வெளிச்சுவரிலோ பொருத்தப்பட்டு, தொலைவிலுள்ள நிலையம் ஒன்றுடன் ரேடியோ அலைகள் மூலம் தொடர்பு கொண்டு, வீட்டுக்கு இணைய இணைப்பைத் தரும் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது ஆண்டெனா என்றே அழைக்கப்படுகிறது. பெயரில் 'வாங்கி' என்று இருந்தாலும் இது அலைகளை வாங்குவதுடன் அனுப்பவும் செய்கிறது. தொலைக்காட்சி ஆண்டெனாவிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

தொலைபேசிக் கம்பியோ ஒளியிழைக் கேபிளோ எட்டாத வீடுகளுக்கும், உட்புறத்தில் கைபேசிச் சமிக்ஞை வலுவிழந்த வீடுகளுக்கும் இவ்வகை அலைவாங்கி பயன்படுகிறது. இதன் செயற்பாடு அலைவாங்கியின் விலையை விட, அது வைக்கப்படும் இடத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. இக்கட்டுரை திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் (ஸ்ரீரங்கம்) ஆகிய ஊர்களின் நிலவமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது. திருவரங்கத்தைப் பற்றி எழுதும்போது குழப்பம் நேரக்கூடும் என்பதால், இங்கு 'கோபுரம்' என்பது கோயில் கோபுரத்தை மட்டுமே குறிக்கும். தொலைத்தொடர்புக் கோபுரம் 'டவர்' எனப்படும்.

வரலாறு

தமிழ்நாட்டு வீடுகளின் மாடிகளில் தரவுத் தொடர்புக்கான அலைவாங்கிகள் 1990களின் இறுதியிலிருந்து காணப்படுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழுவும் மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜிஸ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் முறை இவற்றுள் குறிப்பிடத்தக்கது. இதில் சந்தாதாரரின் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியும் மாடியில் ஒரு சிறு அலைவாங்கியும் இருக்கும். டவரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை தொலைபேசி இணைப்பும், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைத்தன. திருச்சிராப்பள்ளி - மதுரை நெடுஞ்சாலையில் உள்ள மேலூரைச் சுற்றிய சிற்றூர்களில், 2001 இல் தொடங்கிய 'சாரி' திட்டத்தின் இணைய மையங்கள் இம்முறையிலேயே இயங்கின.

2000களின் நடுப்பகுதியில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் அதனைச் சுற்றிய ஊர்களில் உள்ள கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தொலைவு வை-ஃபை மூலம் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இணைத்தனர். நோயாளி தம் ஊரில் இருந்தபடியே தேனியிலுள்ள மருத்துவருடன் முகம் பார்த்துப் பேச முடிந்தது. வை-ஃபை நெறிமுறை ஓர் அறைக்கோ ஒரு கட்டடத்திற்கோ என எழுதப்பட்டது. அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வரும் வரை அது மிகக் குறைந்த நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் அந்நேரம் போதாது என்பதால், ஆய்வாளர்கள் மென்பொருளையே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இதன்பின் வந்த வைமேக்ஸ் முறை நிலைக்கவில்லை. ஐந்தாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பு 2023 சனவரியில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் வீட்டு இணையச் சேவையைச் சில பெருநகரங்களில் தொடங்கி, பின்னர் பிற ஊர்களுக்கும் விரிவாக்கின. பெயரில் ஃபைபர் இருப்பினும் வீட்டிற்கு வருவது ஒளியிழை அன்று, ரேடியோ அலையே.

பார்வைக்கோடு

அலைவாங்கிக்கும் டவருக்கும் இடையே தடையற்ற நேர்கோடு இருப்பது பார்வைக்கோடு எனப்படும். இணையத்திற்குப் பயன்படும் 2 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பெரும் தடைகளைச் சுற்றி வளைந்து செல்வது மிகக் குறைவு. எனினும் கண்ணுக்கு டவர் தெரிந்தால் மட்டும் போதாது. அலையின் ஆற்றல் ஒரு மெல்லிய கோட்டில் செல்லாமல், நடுவில் பருத்து இரு முனைகளிலும் குறுகிய ஒரு பகுதியின் வழியே செல்கிறது. ஒளியியல் அறிஞர் ஃபிரெனெல் பெயரால் இது ஃபிரெனெல் வலயம் எனப்படும். இவ்வலயத்தின் ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடேனும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி.

மலைக்கோட்டைக்கும் திருவரங்கம் தெற்கு இராசகோபுரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 3.5 கிலோமீட்டர். இடையில் காவிரி ஓடுகிறது. திருவரங்கத்து மாடிகள் பலவற்றிலிருந்து மலைக்கோட்டையைக் காணலாம். கணக்கின் பொருட்டு, மலைக்கோட்டையின் உச்சி உயரமான 83 மீட்டரில் ஓர் அலைவாங்கியும், திருவரங்கத்தில் 8 மீட்டர் உயர மொட்டைமாடியில் மற்றொன்றும் இருப்பதாகக் கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவழியில் ஃபிரெனெல் வலயத்தின் ஆரம் சுமார் 10.5 மீட்டர். ஆனால் அங்கே கோடு தரையிலிருந்து 45 மீட்டர் உயரத்தில், ஆற்றின் மேலே செல்வதால் தடை எதுவும் இல்லை. வீட்டிலிருந்து 500 மீட்டரில் அதே கோடு 19 மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்துவிடுகிறது. 100 மீட்டரில் அதன் உயரம் 10 மீட்டர் மட்டுமே. அங்கே 15 மீட்டர் உயரத் தென்னை ஒன்று நின்றால் போதும், இணைப்பு கெடும்.

ஆகவே, தடை பெரும்பாலும் டவரின் பக்கத்தில் இருப்பதில்லை, நம் வீட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து மீட்டர் குழாய் நட்டு அலைவாங்கியை உயர்த்தினாலும், மேற்கண்ட எடுத்துக்காட்டில் கோடு தென்னையின் தலைமட்டத்தைத்தான் தொடும். அதை விட மாடியின் மறுமூலைக்கு அலைவாங்கியை நகர்த்தி, மரத்தின் பக்கவாட்டில் வழி தேடுவது எளிது. அவ்விடத்தில் ஃபிரெனெல் வலயத்தின் ஆரம் 3.5 மீட்டர்தான். தென்னங்கீற்றின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகினாலே பெரும் மாற்றம் தெரியும்.

திருவரங்கத்தில் தென்னையே பொதுவான தடை. ஈரமான இலை உலர்ந்த இலையை விட அலையை மிகுதியாக உறிஞ்சுவதால், மழைக்குப் பின் இணைப்பு மந்தமாவதுண்டு. ஆனி, ஆடி மாதங்களின் மேற்குக் காற்றில் கீற்றுகள் ஆடும்போது சமிக்ஞையும் ஏறி இறங்கும். பழுது ரூட்டரில் இருப்பதாக எண்ணி அதனை மாற்றுவோர் பலர். 72 மீட்டர் உயரமுள்ள, 1987 இல் நிறைவுற்ற இராசகோபுரம் முழுமையான தடை. அதன் நேர்வடக்கில் அண்மையில் உள்ள வீடுகள், தெற்கிலுள்ள டவரைத் தேடாமல் வேறு திசை டவரை நாடுவதே நன்று. ஆற்றைக் கடந்து வரும் இணைப்புகளில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நீர்ப்பரப்பு அலைகளை நன்கு எதிரொளிக்கிறது. நேரே வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று குலைக்கக்கூடும். எனவே காவிரி மணலாய்க் கிடக்கும் வைகாசியில் அளந்த சமிக்ஞை, ஆறு நிரம்பிய ஆவணியில் அப்படியே இருக்கும் என்று கொள்ள இயலாது.

கருவியைத் தெரிதல்

அலைவாங்கியின் ஈட்டம் டிபிஐ என்னும் அலகில் குறிக்கப்படும். ஈட்டம் கூடுவதால் புதிய ஆற்றல் உண்டாவதில்லை. இருக்கும் ஆற்றல் குறுகிய திசையில் குவிக்கப்படுகிறது. 24 டிபிஐ ஈட்டமுள்ள கம்பிவலைத் தட்டின் கற்றை சுமார் 8 பாகை அகலமே உடையது. டவர் அண்மையில், ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நகர வீடுகளுக்கு இத்தகைய தட்டு தேவையில்லை, பட்டையான சிறு பலகை அலைவாங்கியே போதும்.

பழைய அமைப்புகளில் மாடியில் அலைவாங்கியும் கீழே ரேடியோக் கருவியும் இருக்க, இரண்டையும் ஓரச்சுக் கேபிள் இணைக்கும். இது பெரும் இழப்புக்குக் காரணமாகும். கடைகளில் எளிதில் கிடைக்கும் ஆர்ஜி-58 வகைக் கேபிள், 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல் இழக்கிறது. 10 மீட்டர் கேபிளின் முடிவில் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். எனவேதான் இக்காலக் கருவிகளில் ரேடியோ, அலைவாங்கியின் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டு, கீழே ஈதர்நெட் கேபிள் மட்டும் இறக்கப்படுகிறது. அதே கேபிளில் மின்சாரமும் மேலே செல்லும். இம்மின்சாரம் சில கருவிகளில் 24 வோல்ட்டாகவும் சிலவற்றில் 48 வோல்ட்டாகவும் இருப்பதால், ஒன்றின் அடாப்டரை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஈதர்நெட் கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது.

நிறுவுதல்

இவ்வேலையில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது மின்கம்பி. திருவரங்கத்து வீதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. முகப்புக் கைப்பிடிச் சுவருக்கு அருகிலேயே மின்கம்பிகள் செல்லும் இடங்கள் உண்டு. இரும்புக் குழாயை நிமிர்த்தும்போதுதான் அது கை நழுவிச் சாயும். குழாயும் அலைவாங்கியும் சேர்ந்த முழு நீளத்தை அளந்து, அது எத்திசையில் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில் மட்டுமே நிறுவ வேண்டும். அத்தகைய இடம் முகப்பில் இல்லையெனில், சமிக்ஞை சற்றுக் குறைந்தாலும் மாடியின் பின்பகுதியே சரியான இடம். காற்று வீசும்போதும், மழை ஈரம் காயாதபோதும், தனி ஒருவராகவும் இவ்வேலையைச் செய்யலாகாது.

ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயை, சுவரில் இரு இடங்களில் கிளாம்பு வைத்து முடுக்குவது வழக்கம். தண்ணீர்த் தொட்டியின் மேல் பொருத்துவது தவறு. நிரம்பியும் வற்றியும் அசையும் பிளாஸ்டிக் தொட்டி, அலைவாங்கியின் திசையைக் கலைத்துவிடும். கேபிள், வெயில் தாங்கும் கருநிற வெளிப்புற வகையாக இருக்க வேண்டும். அது சுவர்த்துளைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அவ்வளைவில் சொட்டிவிடும், வீட்டிற்குள் வராது. குரங்கு நடமாட்டமுள்ள தெருக்களில் கேபிளைப் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்துவது நலம். எதிர்வீட்டு மாடிக்குக் கேபிள் இழுப்பது தேரோடும் சித்திரை வீதி, உத்திர வீதி போன்றவற்றில் நிலைக்காது. தேர் வரும் நாளில் அதனை அறுத்தாக வேண்டும்.

நில இணைப்பு

குழாயைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்துடன் இணைக்க வேண்டும். இதற்கெனத் தனிக்குழி தோண்டினால், அதனை வீட்டு மின்னிணைப்பின் எர்த்துடனும் சேர்த்தாக வேண்டும். இரண்டும் தனித்தனியே இருப்பின், அருகில் இடி விழும்போது இரு குழிகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, மின்னோட்டம் கேபிள் வழியே கணினிக்குப் பாயும். இதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 ஆகும். கேபிள் வீட்டிற்குள் நுழையும் இடத்தில் மிகையழுத்தக் காப்பான் ஒன்றையும் பொருத்தலாம். நேரடியாக விழும் மின்னலை இவை எதுவும் முற்றாகத் தடுக்காது. சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமழையின்போது இணைப்பைக் கழற்றி வைப்பதே உறுதியான காப்பு.

ஆயினும் கருவிகள் கெடுவதற்கெல்லாம் மின்னலே காரணம் அன்று. தேனி வலையமைப்பைப் பராமரித்த ஆய்வாளர்கள், பழுதுகளுக்கு முதன்மையான காரணமாகக் கண்டது மின்வழங்கலின் தரக்குறைவையே. மின்னழுத்தம் திடீரென உயர்வதாலும் தாழ்வதாலும் அடாப்டர்களும் மின்சுற்றுப் பலகைகளும் கெட்டன. இதனை அவர்கள் 2008 இல் வெளியிட்டனர். வீட்டிற்கும் இது பொருந்தும். ஈட்டம் கூடிய அலைவாங்கிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை நல்ல யு.பி.எஸ். ஒன்றிற்குச் செலவிடுவது அறிவுடைமை.

திசை அமைத்தல்

சமிக்ஞையின் வலிமை டிபிஎம் என்னும் அலகில், எதிர்ம எண்ணாகக் காட்டப்படும். −90 ஐ விட −70 சிறந்தது. 10 அலகு வேறுபாடு ஆற்றலில் பத்து மடங்கு. கைபேசி வலையமைப்பு அலைவாங்கியில் −80 அளவு மிக நன்று, −110 க்குக் கீழ் இணைப்பு தடுமாறும். வலிமையுடன் இரைச்சல் விகிதத்தையும் நோக்க வேண்டும். வலிமை நன்றாக இருந்தும் வேகம் இல்லையெனில், வேறொரு டவரின் அலை குறுக்கிடுகிறது என்று ஊகிக்கலாம்.

ஒருவர் மாடியில் அலைவாங்கியைத் திருப்ப, மற்றொருவர் கீழே எண்ணைப் படிப்பது வழக்கமான முறை. ஒரு முறைக்கு இரண்டு மூன்று பாகை மட்டுமே திருப்பி, எண் நிலைபெறச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். 3.5 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாகைப் பிழை 61 மீட்டர் விலகலுக்குச் சமம். குறுகிய கற்றையுடைய தட்டுகளில் முதன்மைக் கற்றையின் இருபுறமும் சிறு துணைக்கற்றைகள் உண்டு. முதலில் கிடைத்த உச்சத்தில் நிறுத்திவிடாமல், அதனைக் கடந்து இருபுறமும் தேடிப் பார்த்த பின்னரே திருகுகளை இறுக்க வேண்டும். நிலைக்குத்து, கிடை என்னும் முனைவாக்கம் இரு முனைகளிலும் ஒன்றாக இல்லாவிடில் 20 டெசிபெல் வரை இழப்பு ஏற்படலாம்.

சட்டநிலை

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 சனவரியில் அரசு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான விரிவான விலக்கு 2018 அக்டோபரில் வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவாங்கியின் ஈட்டத்தையும் சேர்த்து, கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. 4 வாட் என்பது 36 டிபிஎம். 24 டிபிஐ தட்டைப் பொருத்தினால் கருவிக்கு எஞ்சுவது 12 டிபிஎம், அதாவது சுமார் 16 மில்லிவாட் மட்டுமே. பெரிய தட்டை மாட்டிவிட்டுக் கருவியையும் முழுத்திறனில் இயக்குவோர் அறியாமலே வரம்பை மீறுகின்றனர். கைபேசி நிறுவனங்களின் அலைவரிசைகளில் இயங்கும் சமிக்ஞைப் பெருக்கிகள், அதாவது 'பூஸ்டர்'கள், கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படினும், அவற்றை உரிமம் இன்றிப் பயன்படுத்துவது குற்றம். அவை அக்கம்பக்கத்து வீடுகளின் தொடர்பையும் குலைக்கும்.