திரைப்படத் திட்ட முன்வைப்பு

திரைப்படத் திட்ட முன்வைப்பு என்பது, இன்னும் எடுக்கப்படாத ஒரு திரைப்படத்தைத் தயாரிப்பாளர், முதலீட்டாளர், நடிகர் ஆகியோருக்கு விளக்கி அவர்களின் ஆதரவைப் பெறுவதற்காக உருவாக்கப்படும் சுருக்கமான ஆவணம் ஆகும். திரைத்துறையினர் இதனைப் 'பிட்ச் டெக்' என்று அழைப்பர். இது பொதுவாக 10 முதல் 20 வரையான காட்சி வில்லைகளைக் கொண்டிருக்கும். திரைக்கதை, படத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் கூறும். முன்வைப்போ, அப்படத்தை ஏன் எடுக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், யார் பார்ப்பர் என்பவற்றைக் கூறும்.

பின்னணி

தமிழ்த் திரையுலகில் தயாரிப்பாளரிடமோ நடிகரிடமோ நேரில் அமர்ந்து முழுக் கதையையும் வாய்மொழியாகக் கூறுவதே நெடுங்கால வழக்கம். இது 'கதை சொல்லுதல்' எனப்படுகிறது. நன்றாக எழுதத் தெரிந்தும் நன்றாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு இம்முறை தடையாக அமைந்தது.

பின்னர் வேறு வழிகளும் தோன்றின. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியால் குறும்படமே ஒரு முன்வைப்பாக மாறியது. அதில் இடம்பெற்ற ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி' குறும்படம், 2014 இல் முழுநீளத் திரைப்படமாக வெளிவந்தது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 இல் கோவாவில் தொடங்கிய 'பிலிம் பசார்' சந்தையில், தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டங்கள் பன்னாட்டுத் தயாரிப்பாளர்களிடம் முன்வைக்கப்படுகின்றன. 'லூசியா' (2013) என்ற கன்னடப் படத்தின் இயக்குநர் பவன் குமார், தம் திட்டத்தை இணையம் வழியே பொதுமக்களிடம் முன்வைத்து நிதி திரட்டினார்.

உள்ளடக்கம்

ஒரு முன்வைப்பில் பொதுவாக இடம்பெறுபவை:

* ஒருவரிக் கதை - யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது
* கதைச் சுருக்கம் - முடிவு உட்பட ஒரு பக்கம்
* கதைமாந்தர் அறிமுகம்
* இயக்குநர் குறிப்பு - இக்கதையை இவர் ஏன் எடுக்க வேண்டும் என்ற விளக்கம்
* காட்சித் தோற்றம் - நிறம், ஒளி, களம் ஆகியவற்றைக் காட்டும் படங்கள்
* செலவு மதிப்பீடும் கால அட்டவணையும்
* குழுவினர் விவரம்
* இலக்குப் பார்வையாளர், வெளியீட்டு வழி

எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் களமாகக் கொண்டு, ஒரு நூற்பாலைத் தொழிலாளியையும் அவர் வளர்க்கும் இராஜபாளையம் நாயையும் பற்றிய கதை ஒன்றைக் கருதலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், ஆண்டாள் கோயில் கோபுரம், பால்கோவாக் கடைகள் ஆகியவை காட்சித் தோற்றப் பக்கத்தை எளிதில் நிரப்பும். ஆனால் முதலீட்டாளர் கேட்கும் கேள்விகள் வேறு.

நாய் நடிப்பதற்கு, 2001 ஆம் ஆண்டின் நிகழ்த்து விலங்குகள் பதிவு விதிகளின்படி இந்திய விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. மலைக்காட்சிகள் எடுக்க விரும்பும் வனப்பகுதி, 2021 இல் உருவான திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்திற்குள் அமைந்தால் வனத்துறையின் அனுமதி தேவை. கோயிலுக்குள் படம்பிடிக்க இந்து சமய அறநிலையத் துறையை அணுக வேண்டும். அனுமதி தாமதமானால் படப்பிடிப்பு நாட்கள் கூடும். நாட்கள் கூடினால் செலவும் கூடும். எனவே கால அட்டவணையில் அனுமதிக்கான காலத்தையும், மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்காக ஏறத்தாழ 10 விழுக்காட்டையும் ஒதுக்குவது வழக்கம். அனுமதி கிடைக்காவிடில் பயன்படுத்தக்கூடிய மாற்றுக் களத்தைக் குறிப்பிடும் முன்வைப்பு கூடுதல் நம்பிக்கை பெறும்.

கதை உரிமை

முன்வைப்பு பலர் கைக்குச் செல்வதால், கதை திருடப்படும் என்ற அச்சம் புதிய எழுத்தாளர்களிடம் உண்டு. ஆர். ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் (1978), கருத்துக்கோ கருப்பொருளுக்கோ பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படுத்தப்பட்ட வடிவத்திற்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒருவரிக் கதைக்குச் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு; விரிவாக எழுதப்பட்ட திரைக்கதைக்கே அது கிட்டும்.

'சர்கார்' (2018) படத்தின் கதை, தாம் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்திருந்த 'செங்கோல்' கதையை ஒத்திருப்பதாக வருண் ராஜேந்திரன் முறையிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற இவ்விவகாரம், படத்தில் அவருக்கு நன்றி தெரிவிப்பது என்ற உடன்பாட்டில் முடிந்தது. பதிவு உரிமையை உருவாக்குவதில்லை; எழுத்துப் படைப்பு எழுதப்பட்டவுடனேயே பதிப்புரிமை பெறுகிறது. எனினும் குறிப்பிட்ட நாளில் அக்கதை இருந்தது என்பதற்குப் பதிவு சான்றாகும். இதனால், முன்வைப்பை அனுப்புவதற்கு முன்பே திரைக்கதையை எழுதி முடித்துப் பதிவு செய்வதும், யாருக்கு, எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பதைக் குறித்து வைப்பதும் நன்று.