குறிஞ்சா வறையும் குறிஞ்சாத் தூளும்

திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்தால் சுகம் விசாரிப்பு இப்போது "சீனி எவ்வளவு நிக்குது?" என்றுதான் தொடங்குகிறது. அடுத்தது கைமருந்துப் பேச்சு. ஒருவர் ஊறவைத்த வெந்தயத்தைச் சொல்வார், ஒருவர் கறுவாத்தூளை. இன்னொருவர் இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் கொத்தலகிம்புட்டு மரக்குவளையைச் சொல்வார்.

அம்மம்மாமார் காலத்தில் இவற்றில் பாதி மருந்தல்ல, சாப்பாடு. வேலியில் படர்ந்த குறிஞ்சாவும் முசுட்டையும் தேங்காய்ப்பூவோடு வறையாகும். காலையில் இலைக்கஞ்சி. பாவற்காய்க் கறியை வாரத்தில் ஒருநாளாவது தட்டில் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் முகம் சுளித்தாலும் விடமாட்டார்கள். வெந்தயம் இல்லாமல் குழம்பு தாளிப்பதில்லை. அந்தக் கறிகளுக்கு அருகே இருந்தது தவிடு போகாத குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு. சாப்பிட்டவர்கள் வயலிலோ கடலிலோ உடம்பை முறித்து வேலை செய்தவர்கள். அன்றும் நீரிழிவு நோய் இருந்தது. சலரோகம் என்றார்கள், சித்த வைத்தியம் மதுமேகம் என்று அதைத் தனியாகவே வகுத்து வைத்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு அது இருக்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டு மாறிய கதை எங்கள் துறைமுகத்துக்கு நன்றாகத் தெரியும். சீனக்குடாவில் பிறிமா மாவாலை 1980இல் ஓடத் தொடங்கியது; கப்பலில் வரும் கோதுமை அங்கே அரைபட்டு நாடு முழுவதும் போகிறது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணமாகக் கிடைத்ததும் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்புத்தான். பசித்த வயிற்றுக்கு அது உயிர். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் பாணும் வெள்ளை மா ரொட்டியும் இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயும் தட்டை விட்டுப் போகவில்லை. 2005–06 ஆய்வில் இலங்கையில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2018–19இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு அதை 23 என்றது.

தட்டிலிருந்து போன இலை இப்போது தூளாகவும் குளிசையாகவும் பொதியில் திரும்பி வந்திருக்கிறது. அதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சிறுகுறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் இனிப்புத் தெரியாது, மணலைப்போல இருக்கும். அதிலுள்ள ஜிம்னமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வைச் சிறிது நேரம் மறைத்துவிடுகிறது. ஆனால் சந்தையில் குறிஞ்சா என்று கட்டி விற்பதெல்லாம் சிறுகுறிஞ்சா அல்ல. பெருங்குறிஞ்சா வேறு கொடி. கொத்தலகிம்புட்டில் இருந்து யப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது குடலில் மாச்சத்து சீனியாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே அதன் வேலை சாப்பாட்டோடுதான். ஏற்கெனவே இரத்தத்தில் ஏறிவிட்ட சீனியை அது இந்த வழியில் இறக்காது.

வெந்தயத்தின் பலம் அதன் கொழகொழப்பான நார்ச்சத்தில் இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990களில் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தது நாளொன்றுக்கு 25 கிராம், சில சோதனைகளில் 100 கிராம். நாம் ஊறவைப்பது ஒரு தேக்கரண்டி. கறுவாவைப் பொறுத்தவரை, பாகிஸ்தானில் செய்து 2003இல் வெளியான பேர்பெற்ற ஆய்வு எங்கள் கறுவாவைப் பற்றியதே அல்ல, காசியாப் பட்டையைப் பற்றியது. அதை அளவுக்கு மீறி நெடுநாள் தின்றால் அதிலுள்ள கூமரின் ஈரலைத் தாக்கலாம். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம்.

கிளினிக்கில் நீரிழிவுக்குத் தரும் மெற்போமின் குளிசையை "இங்கிலீசு மருந்து" என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் மூலமும் ஒரு செடிதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த குவானிடின் வகைப் பொருள்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியே அந்தக் குளிசையில் முடிந்தது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோன் ஸ்டேர்ன் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். இலைக்கும் குளிசைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அளவு. குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். ஒரு பிடி இலையில் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப அது கூடும், குறையும்.

இன்சுலின் ஏற்றுகிறவரும் கிளிக்லசைட் போன்ற குளிசை போடுகிறவரும் அதோடு மூலிகைத் தூளையும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். தூளை நம்பிக் குளிசையை நிறுத்துவது அதைவிடக் கொடியது. கண்ணும் சிறுநீரகமும் காலும் சத்தமில்லாமல் கெடும். சித்த மருந்து வேண்டுமானால் படித்த சித்த வைத்தியரிடமே போங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். என்ன தூள் குடிக்கிறீர்கள் என்பதைக் கிளினிக் டொக்டரிடம் மறைக்காதீர்கள். குறிஞ்சாவை வறையாகவே சாப்பிடுங்கள், அதற்குப் பக்கத்தில் பாணை வைக்காமல் குத்தரிசிச் சோற்றை, அதையும் அளவாக, வையுங்கள்.