வீட்டுக்கு அடியில் ரயில் ஓடினால் வீடு தாங்குமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் காவிரி வற்றிக் கிடக்கும்போது ஆற்று மணலில் ஊற்று தோண்டியிருக்கிறீர்களா? முதலில் உலர்ந்த மணல் வரும். அரை முழம் போனதும் மணல் ஈரமாகும். பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். இன்னும் சிறிது தோண்டினால் தண்ணீர் கசியத் தொடங்கும். அந்த நொடியிலிருந்து வேலை கெட்டுவிடும். கைநிறைய மணலை அள்ளி வெளியே போட்டால், அதே அளவு மணல் பக்கங்களிலிருந்து தண்ணீரோடு உள்ளே வந்து சேரும். பள்ளம் ஆழமாவதற்குப் பதிலாக அகலமாகும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் தம்பியின் காலடி மணலும் மெல்லச் சரியும்.

திருச்சிக்கும் மெட்ரோ ரயில் வர வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக அடிபடுகிறது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சார், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு நூறு வருடத்துப் பழைய ஓட்டு வீடு. அடியில் ரயில் விட்டால் இடிந்துவிடுமா?" என்று கேட்டாள். பாதை எந்த வீதி வழியாகப் போகும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இயற்பியலில் விடை உண்டு. அந்த விடை, தம்பியின் காலடியில் சரிந்த மணலிலேயே இருக்கிறது.

எல்லா நிலமும் ஒன்றல்ல

மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கம் கோயிலுக்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். மலைக்கோட்டையில் நிற்பவர் காலடியில் இருப்பது 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரே பாறை. ஸ்ரீரங்கத்தில் நிற்பவர் காலடியில் இருப்பதோ, காவிரியும் கொள்ளிடமும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும்.

அப்படியானால் மணல் வலுவற்றதா? இல்லை. 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயர ராஜகோபுரம் அந்தத் தீவில்தான் கம்பீரமாக நிற்கிறது. மணலின் வலிமை, துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கி உராய்வதிலிருந்து வருகிறது. நாற்புறமும் நகர இடமில்லாமல் அடைபட்டிருக்கும் மணல் பெரும் பாரத்தையும் தாங்கும். நகர்வதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதே மணல் தண்ணீரைப் போல ஓடும். ஈர மணலில் ஊற்றின் சுவர் நின்றதற்குக் காரணம், துகள்களுக்கு இடையே இருந்த மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை. இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பியதும் அந்தப் பிடி போய்விட்டது.

சுரங்கம் தோண்டுவது என்றால் மண்ணுக்கு அடியில் ஓர் இடத்தைக் காலி செய்வது. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மண் அந்த இடத்தை நோக்கி நகர்வதற்குள் அதை அடைத்துவிட முடியுமா?

ஒரு சிறு கணக்கு

சென்னை மெட்ரோவின் முதல் கட்டப் பாதைகளின் நீளம் சுமார் 45 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் நிலத்துக்கு அடியில் செல்கிறது. அங்கே எந்திரம் குடைந்த துளையின் விட்டம் ஏறத்தாழ 6.6 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 3.14 × 3.3 × 3.3, அதாவது சுமார் 34 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு மீட்டர் முன்னேறும்போதும் 34 கன மீட்டர் மண் வெளியே வர வேண்டும்.

அதைவிடச் சற்றுக் கூடுதலாக, நூற்றுக்கு ஒரு பங்கு அதிகமாக வந்துவிட்டது என்று கொள்வோம். அந்த 0.34 கன மீட்டர் வெற்றிடம் அப்படியே இருக்காது. மேலுள்ள மண் சிறிது சிறிதாக இறங்கி அதை நிரப்பும். முடிவில் தரையின்மேல், தூக்கம் கலைந்து எழுந்த பாயில் தெரியும் குழிவு போல, ஓர் ஆழமில்லாத பள்ளம் உண்டாகும். இந்தப் பள்ளத்தின் குறுக்குவெட்டு, தலைகீழாகக் கவிழ்த்த மணியின் வடிவில் இருக்கும் என்று அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் பெக் 1969-இல் விளக்கினார்.

சுரங்கம் 15 மீட்டர் ஆழத்தில் இருந்தால், களிமண் நிலத்தில் பள்ளத்தின் நடுவில் தரை சுமார் 18 மில்லிமீட்டர் இறங்கும். மணல் நிலத்தில் பள்ளம் குறுகி, நடுவில் சுமார் 27 மில்லிமீட்டர் இறங்கும்.

கட்டைவிரல் அகலம்தானே என்று தோன்றுகிறதா? வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் கவலையே இல்லை. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் இறங்குவதுதான் சுவரைப் பிளக்கிறது. ஆகவே இறக்கத்தைவிடச் சாய்வையே பார்க்க வேண்டும். 300-க்கு 1 என்ற சாய்வில், அதாவது மூன்று மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டரில், சாதாரணச் சுவர்கள் விரிசல் விடத் தொடங்குகின்றன. 150-க்கு 1 என்றால் கட்டடத்தின் உறுதியே கெடலாம். நம் கணக்கில் களிமண் நிலத்தில் மிக அதிகமான சாய்வு ஏறத்தாழ 690-க்கு 1. அது பயமில்லாத அளவு. மணல் நிலத்திலோ அது 300-க்கு 1. அதாவது விரிசலின் வாசலிலேயே நிற்கிறோம்!

எனவே ஸ்ரீரங்கத்தைப் போன்ற நிலத்தில் ஒரு சதவீதம் போதாது. அரை சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். நல்ல எந்திரமும் கவனமுள்ள குழுவும் இருந்தால் இது இயலக்கூடியதே.

நூறு யானைகளின் பாரம்

எந்திரம் இதை எப்படிச் சாதிக்கிறது? அதன் முன்னால் சுழலும் பெரிய சக்கரத்தில் வெட்டுக் கருவிகள் இருக்கின்றன. வெட்டிய மண் உடனே வெளியே போய்விடுவதில்லை. சக்கரத்துக்குப் பின்னாலுள்ள அறையில் நெருக்கி அடைத்து வைக்கப்படுகிறது. அந்த மண்ணின் அழுத்தமே எதிரிலுள்ள மண்ணையும் தண்ணீரையும் தாங்கி நிற்கிறது. பிறகு முறுக்கு அச்சு போன்ற நீண்ட திருகு ஒன்று அறையிலிருந்து மண்ணை அளவாக வெளியேற்றும். திருகு வேகமாகச் சுழன்றால் அழுத்தம் குறைந்து மேலே தரை இறங்கும். மிக மெதுவாகச் சுழன்றால் அழுத்தம் மிகுந்து தரை மேலே உப்பும்.

இந்த அழுத்தம் எவ்வளவு? நிலத்தடி நீர் மூன்று மீட்டரில் இருக்கிறது, சுரங்கத்தின் மையம் 15 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். மையத்துக்கு மேலே 12 மீட்டர் உயரத்துக்கு நீர். ஒரு சதுர மீட்டருக்கு 12 டன். 34 சதுர மீட்டருக்கு 400 டன்னுக்கும் மேல்! ஒரு யானை நான்கு டன் என்றால், நூறு யானைகள் ஒன்றுசேர்ந்து எந்திரத்தைத் தள்ளுகின்றன. இது தண்ணீரின் தள்ளுதல் மட்டுமே. மண்ணின் தள்ளுதல் தனி.

எந்திரம் நகர நகர, பின்னால் கான்கிரீட் வளையங்கள் பொருத்தப்படுகின்றன. வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை உடனுக்குடன் சிமெண்ட் கலவையால் நிரப்புகிறார்கள். இதில் எங்கே பிசகினாலும் சாலை காட்டிக்கொடுத்துவிடும். 2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் அதில் இறங்கிவிட்டன. அடியில் மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. நல்லவேளையாகப் பயணிகள் தப்பினார்கள்.

ஆற்றைக் கடந்தது, தெருவில் தடுக்கியது

கொல்கத்தாவின் கிழக்கு-மேற்கு மெட்ரோ பாதை இன்னும் கடுமையான பாடம் சொல்கிறது. 2017-இல் இரண்டு சுரங்கங்கள் ஹூக்ளி ஆற்றின் படுகைக்கு அடியில், அரைக் கிலோமீட்டர் தூரத்தைப் பத்திரமாகக் கடந்தன. ஆபத்து ஆற்றில்தான் என்று நாம் நினைப்போம். ஆனால் 2019 ஆகஸ்ட் 31 அன்று பௌபஜார் என்ற நெருக்கமான பழைய குடியிருப்புக்கு அடியில் எந்திரம் நீர் நிறைந்த மணல் அடுக்கு ஒன்றை எதிர்கொண்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மணலும் கூடவே வந்தது. நம் ஊற்றில் நடந்ததேதான்! மேலே வீடுகள் விரிந்தன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த துணியோடு வெளியேற நேர்ந்தது.

பொறியியலாளர்கள் பின்னர் செய்தது வியப்பானது. சுரங்கத்துக்குள் சுவர் எழுப்பி, அந்தப் பகுதியில் தாங்களே தண்ணீரை நிரப்பினார்கள். உள்ளே அழுத்தமும் வெளியே அழுத்தமும் சமமானால் ஓட்டம் நின்றுவிடும் அல்லவா? அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 2025 ஆகஸ்ட் 22 அன்றுதான்.

கிணறும் குடமும்

மற்றொரு விளைவும் உண்டு. நிலையங்கள் கட்ட ஆழமான பெரும் பள்ளங்கள் வேண்டும். அவற்றில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். அதோடு நில்லாமல் தரையும் இறங்கக்கூடும். ஏன்? கிணற்று நீருக்குள் இருக்கும்போது குடம் லேசாகத் தெரிகிறது. நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும் கனக்கிறது. மண்துகள்களும் அப்படித்தான். நீர் விலகியதும் மிதப்பு விசை போய்விடும். துகள்களின் முழுப் பாரமும் கீழுள்ள அடுக்குகளை அழுத்தும். ஆகவே பள்ளத்தைச் சுற்றி நீர் புகாத கான்கிரீட் சுவரை முதலில் இறக்கிவிட்டே தோண்டுகிறார்கள்.

அதிர்வைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். மிக்ஸிக்கு அடியில் மடித்த துணியை வைத்தால் மேடை அதிர்வது குறைகிறது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தைகள் அதே வேலையைச் செய்கின்றன.

மேலே போனால் தொல்லை இல்லையா?

சுரங்கமே வேண்டாம், தூண்களின்மேல் போகலாமே என்று கேட்கலாம். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் அப்படிப்பட்டதுதான். வீடுகளை இடிக்காமல் இருக்க பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயும் தூண்களை நட்டார்கள். வீடுகள் தப்பின. ஆனால் மழைநீர் கடலுக்கு ஓடும் வழி குறுகியது. நம் ஊரில் உய்யகொண்டான் வாய்க்காலைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். விளைவே இல்லாத பாதை கிடையாது. எந்த விளைவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் வேறுபடும்.

சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

லண்டனில் 1990-களில் ஜூபிலி ரயில் பாதையை நீட்டியபோது, பிக் பென் மணிக்கூண்டுக்கு அருகில் ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. மணிக்கூண்டு எவ்வளவு சாய்கிறது என்று இடைவிடாமல் அளந்தார்கள். சாய்வு எல்லையை நெருங்கும்போதெல்லாம் அடியில் சிமெண்ட் கலவையைச் செலுத்தினார்கள். மணிக்கூண்டைக் காத்தது கலவை மட்டுமல்ல. அதற்கு முந்திய அளவீடும்தான்.

அளவீடு பெரிய கோபுரங்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைத்தேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையில் உடைந்தது. பக்கத்தில் எந்த வேலையும் நடக்கவில்லை! வெயிலில் சுருங்கும் மண்ணே காரணம். இதை முன்பே அறியாதவர், பின்னால் ரயில் வேலை நடக்கும்போது ரயிலைக் குறை சொல்லியிருப்பார். அதேபோல, வேலையால் வந்த விரிசலை 'இது பழையது' என்று பிறர் தள்ளிவிடவும் முடியும். இரண்டு பக்கத்து வாயையும் அடைப்பது தேதியிட்ட அளவு ஒன்றே.

செய்து பாருங்கள்

ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில், காற்று நிரப்பிய நீண்ட பலூனைக் கிடத்தி, அதன் வாய் வெளியே இருக்குமாறு மணலை நிரப்புங்கள். மேலே நான்கைந்து தீப்பெட்டிகளை வரிசையாக வையுங்கள். பலூனிலிருந்து மிகச் சிறிதளவு காற்றை விடுங்கள். நேர் மேலே இருக்கும் தீப்பெட்டி இறங்கும். சற்றுத் தள்ளி இருப்பவையே அதிகம் சாயும். அடுத்து மணலில் தண்ணீர் ஊற்றிவிட்டு மீண்டும் செய்யுங்கள். வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "இடியாது என்று யாராவது வெறுமனே சொன்னால் நம்பாதே, இடிந்துவிடும் என்று சொன்னாலும் நம்பாதே. எத்தனை சதவீதம் மண் இழப்பு, எங்கே நீர்மட்டம், யார் அளக்கிறார்கள் என்று கேள். அதற்கு முன்னால் உன் வீட்டுச் சுவரில் உள்ள விரிசல்களை இன்றைக்கே அளந்து எழுதி வை."

மறுநாள் அவள் என்னிடம் மூன்று கண்ணாடித் துண்டுகள் கேட்டு வாங்கிப் போனாள்.