கிருமி கட்டுற கல்லுக்கு எந்த மருந்து?

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு ஒரு வருஷமா நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். மாத்திரை சாப்பிட்டா நிக்கும், பத்து நாள்ல திரும்ப வரும். ஸ்கேன்ல கல்லுன்னு வந்ததும் மெடிக்கல்ல கேட்டு 'கல் கரைக்கிற சிரப்' வாங்கிக் குடிச்சாங்க. சிதம்பரத்துல சிறுநீரக டாக்டர்கிட்ட காட்டினப்போ, யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த சிரப்பை நிறுத்துங்கம்மா." ஏன்னு தேடிப் படிச்சதுதான் இந்தக் குறிப்பு.

சிறுநீரகக் கல் எல்லாமே ஒரே வகை இல்லை. பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். சில, யூரிக் அமிலம். கிருமியால் உண்டாகும் கல்லுக்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூணும் சேர்ந்தது. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியை உண்டாக்கும். அது சிறுநீரில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீரில் காரத்தன்மை கூடும்; கரைஞ்சிருந்த உப்பு படிகமா இறங்கிடும். விட்டா மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு சிறுநீரகத்தையே அடைச்சுக்கும்.

இப்போ அந்த சிரப்புக்கு வருவோம். அதில் இருப்பது சிட்ரேட் உப்பு. சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும். யூரிக் அமிலக் கல்லுக்கு அது நல்ல மருந்து. ஸ்ட்ரூவைட் கல்லுக்கு எரியிற நெருப்புல எண்ணெய்.

சரி, ஆன்டிபயாடிக் போதாதா? போதாது. கிருமி கல்லுக்குள்ளேயே குடியிருக்கு. மருந்து அங்கே சரியாப் போய்ச் சேராது. அதனாலதான் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருது.

நொதியையே தடுக்கும் மருந்தும் உண்டு. யூரியேஸை 1926ல் ஒரு வகை அவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தவர் ஜேம்ஸ் சம்னர். 1946ல் நோபல் பரிசு பெற்றார். அந்த நொதியை முடக்கும் அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலத்துக்கு 1983ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கல் வளர்வதை அது மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தலைவலி, நடுக்கம், ரத்தசோகை, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு எல்லாம் வரலாம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்கும் கூடாது. அதனால் அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்குத்தான் பெரும்பாலும் யோசிப்பாங்க.

முதல் வேலை கல்லை மிச்சமில்லாம எடுப்பதுதான். பெரிய கல்லென்றால் முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு உடைத்து எடுக்கிறார்கள். கூடவே, கல்ச்சர் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆன்டிபயாடிக். துகள் தங்கினா கிருமியும் தங்கும். கல் மறுபடி வளரும்.

வாழைத்தண்டுச் சாறை நம்பி நாளைக் கடத்தாதீங்க. நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தா யூரின் கல்ச்சர் எடுங்க. கல்லோட குளிர்காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க. எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்க. என்ன வகைன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த மருந்து சரியா அமையும்.

பெரியம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். சிரப் பாட்டில் குப்பைக்குப் போயாச்சு.