செப்டிக் டேங்க் இங்கே, கழிவுநீர் இறங்கும் நிலம் வேறெங்கோ: ஏன்?

அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு செப்டிக் டேங்கை நம்பியிருக்கிறது. ஆனால் தொட்டி செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். நடுவிலுள்ள நீரில் கிருமிகள் அப்படியே இருக்கும். அந்த நீரைத் தூய்மையாக்குவது மண்தான். துளையிட்ட குழாய்களிலிருந்து கசியும் நீர், காற்றோட்டமுள்ள மண்ணில் மெல்ல இறங்கும்போது கிருமிகள் தடுக்கப்பட்டு மடிகின்றன. காபி ஃபில்டரை நினைத்துப் பாருங்கள்: பொடி பெருநொய்யாக இருந்தால் வெந்நீர் சாரமில்லாமல் ஓடிவிடும், மாவாக இருந்தால் இறங்கவே இறங்காது. பருமணலும் களிமண்ணும் அப்படித்தான்.

எனவே வீடு கட்ட ஏற்ற மனையெல்லாம் கழிவுநீருக்கு ஏற்றதல்ல. களிமண்ணோ, மேலாகவே பாறையோ, நிலத்தடி நீரோ இருக்கும் குடியிருப்புகளில், பல வீடுகளின் நீரையும் குழாயில் திரட்டி, நல்ல மண்ணுள்ள பொது நிலத்துக்கு அனுப்புவதே அறிவுடைமை. ‘பொதுச் சொத்தை யார் கவனிப்பார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஒரு வீட்டின் அலட்சியம் எல்லோருடைய நிலத்தையும் அடைத்துவிடும். அதனால்தான் நிலத்தின் பயன்பாட்டு உரிமையைப் பத்திரத்தில் பதிய வேண்டும். தொட்டிகளைச் சோதித்து, கசடை அகற்ற, எல்லோரும் பணம் செலுத்தும் பொறுப்பான நிர்வாகமும் வேண்டும். இவை இருந்தால், தகாத மண்ணில் தனித்தனியே குழி தோண்டுவதைவிட, பகிர்ந்த நல்ல மண்ணே கிணற்று நீரைக் காக்கும்.