சாப்பிட்டும் எடை குறையுதே... புற்றுநோயாளிகளின் தசை எங்கே போகிறது?

"நல்லா சாப்பிடுங்க, உடம்பு தேறிடும்." புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. ஆனால், சாப்பாடு உள்ளே போனாலும் கன்னம் ஒட்டி, கை கால் மெலிந்துகொண்டே போகும் நிலை பலருக்கு வருகிறது. மருத்துவர்கள் இதை 'கேக்கெக்ஸியா' என்கிறார்கள். 'மோசமான நிலை' என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் இது.

பட்டினிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பட்டினி நீடிக்கும்போது உடல் கொழுப்பை எரித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கும். மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டால் எடை திரும்பிவிடும். கேக்கெக்ஸியாவில் அப்படி இல்லை. கொழுப்பு இருக்கும்போதே தசையும் கரையும். வெறும் சாப்பாட்டை மட்டும் கூட்டி இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது.

தசை ஏன் கரைகிறது?

தசையில் உள்ள புரதம் தினமும் கொஞ்சம் உடையும். சாப்பாட்டில் கிடைக்கும் அமினோ அமிலங்களை வைத்து உடல் அதை மறுபடி கட்டும். வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை பிரச்னை இல்லை.

புற்றுநோய் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. கட்டியும், அதை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு செல்களும் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை வெளியிடுகின்றன. அவை செய்யும் வேலை மூன்று:

* தசை செல்லில் புரதத்தை உடைக்கும் வேலையை வேகப்படுத்துகின்றன.
* அழற்சி தொடர்பான புரதங்களைத் தயாரிக்கும்படி கல்லீரலைத் தூண்டுகின்றன. அதற்கான அமினோ அமிலங்களும் தசையிலிருந்தே போகின்றன.
* மூளையில் பசி உணர்வை மட்டுப்படுத்துகின்றன.

இதோடு கீமோவால் வரும் குமட்டல், வாய்ப்புண், எந்நேரமும் படுத்தே இருப்பது எல்லாம் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். கணையம், இரைப்பை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களில் இது அதிகம்.

தசை குறைந்தால் என்ன ஆபத்து?

பல கீமோ மருந்துகளின் அளவை உயரம், எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடை ஒன்றாக இருந்தாலும், தசை குறைவாக உள்ளவருக்குப் பக்க விளைவுகள் அதிகமாக வாய்ப்புண்டு. அதனால் மருந்தின் அளவைக் குறைக்கவோ, சிகிச்சையைத் தள்ளிப்போடவோ நேரிடலாம். உடல் பருமனானவருக்கும் இது நடக்கும். "ஆள் குண்டாத்தானே இருக்கார்" என்று விட்டுவிடக் கூடாது.

எப்போது உஷாராகணும்?

2011இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த அளவுகோல்படி, 6 மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல், முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் அது எச்சரிக்கை மணி. 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோதான். ஏற்கெனவே ஒல்லியாக, பிஎம்ஐ 20க்குக் கீழே இருந்தால் 2 சதவீதமே போதும்.

வாரம் ஒருமுறை ஒரே எடை மெஷினில் பார்த்து எழுதி வையுங்கள். வளையல், மோதிரம் லூசாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவது ஆகியவையும் அறிகுறிகளாக இருக்கலாம். காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் எடை குறைவது மெஷினில் தெரியாது.

எவ்வளவு புரதம் தேவை?

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பின் வழிகாட்டுதல்படி, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. 60 கிலோ இருப்பவருக்கு தினமும் 60 முதல் 90 கிராம்.

நம் வீடுகளில் முதலில் கொடுப்பது அரிசிக் கஞ்சி. அதில் புரதம் ரொம்பக் கம்மி. அதே கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம், பால் பவுடர் கலக்கலாம். நன்றாக வேகவைத்த ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மீன், கோழி, பனீர், சுண்டல் எது பிடிக்குதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

'சத்தா சாப்பிட்டா கட்டி வளரும்' என்பது உண்மையா?

நோயாளிகளிடம் அப்படி நடப்பதாக ஆதாரம் இல்லை. இந்தப் பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தால், இழப்பு தசைக்குத்தான்.

மருந்து இருக்கிறதா?

ஜப்பான் 2021இல் 'அனமொரெலின்' என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. பசியைக் குறைக்கும் 'ஜிடிஎஃப்-15' என்ற புரதத்தைத் தடுக்கும் 'பொன்செக்ரோமாப்' ஊசியை 187 பேரிடம் சோதித்த முடிவு 2024இல் வெளியானது. 12 வாரத்தில், அதிக டோஸ் போட்டவர்களின் எடை, மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிட சுமார் 2.8 கிலோ கூடுதலாக இருந்தது.

ஆனால் சாப்பாடு, மருந்தோடு தசைக்கு வேலையும் வேணும். மருத்துவர் சம்மதித்தால் வீட்டுக்குள் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி என்று தொடங்கலாம்.

"சாப்பிடாமதான் இப்படி ஆயிட்டீங்க" என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். பசியைக் குறைப்பதும் நோயின் வேலைதான். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது எடை எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோய், உணவு ஆலோசகரைப் பார்க்கணும் என்று நீங்களே கேளுங்கள். தசை முழுசாகக் கரைந்த பிறகு மீட்பதைவிட, கரையத் தொடங்கும்போதே பிடித்து நிறுத்துவது எளிது.